மார்ஷல் பஸேனின் வாழ்க்கையைப் படிப்பது எப்படி? பிரெஞ்சுத் தளபதி ஒருவரை நாள்வரிசையில் பின்தொடர ஒரு முழுமையான வழிகாட்டி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரெஞ்சுத் தளபதிகளைப் பற்றிப் படிக்க முற்படுகிறவர்களில் பலர், அந்தத் தளபதியின் கடைசிப் போரிலிருந்து தொடங்கி, அதன் வெளிச்சத்திலேயே முந்தைய நாற்பது ஆண்டுகளையும் பார்த்துவிடுகிறார்கள். ஃபிரான்சுவா அஷீல் பஸேன் இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் நடந்த போரில், 1870 அக்டோபர் 27 அன்று மெட்ஸ் கோட்டையையும் அதிலிருந்த படையையும் பிரஷ்யர்களிடம் ஒப்படைத்தவர் என்பதால், ‘துரோகி’ என்ற ஒரு சொல்லுக்குள் அவருடைய வாழ்க்கை முழுவதும் அடைக்கப்பட்டுவிட்டது. மெக்சிகோவில் அவர் செய்ததும் துரோகத்தின் ஒத்திகையாகவே எழுதப்பட்டது. அல்ஜீரியாவில் அவர் காட்டிய சாமர்த்தியம்கூட வஞ்சகத்தின் தொடக்கமாக வாசிக்கப்பட்டது.

இந்த வழிகாட்டி அதே வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து முடிவை நோக்கி, ஆவணங்கள் செல்லும் வரிசையிலேயே படிப்பதற்கான முறையைச் சொல்கிறது. பஸேன் குற்றமற்றவர் என்று நிறுவுவது இதன் நோக்கமன்று. எந்த நாளில், எந்த ஆட்சியின் கீழ், யாருடைய ஆணையின்படி அவர் எதைச் செய்தார் என்பதைப் பிரித்துப் பார்த்தால், குற்றம் எங்கே இருக்கிறது என்பதும் கூடுதல் துல்லியத்தோடு தெரியும்.

முதற்படி: நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்திகள்

ஒரு பக்கத்தை மூன்று பத்திகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் தேதியும் அவர் வகித்த பதவியும் வரட்டும். இரண்டாவதில் அன்றைக்குப் பிரான்சை ஆண்ட அரசு. மூன்றாவதில் அவருக்கு ஆணையிடும் உரிமை பெற்றிருந்த ஆள். மூன்றாவது பத்தியை நிரப்புவதுதான் கடினம், பயனும் அதில்தான் அதிகம். பஸேனைப் பொறுத்தவரை 1870 செப்டம்பர் 4-க்குப் பிறகு அந்தப் பத்தியில் யாருடைய பெயரை எழுதுவது என்ற கேள்விதான் பின்னர் அவருடைய வழக்கின் மையமாக மாறியது.

இரண்டாவது பத்தியை முன்கூட்டியே நிரப்பி வைத்துக்கொள்ளலாம். 1830 ஜூலைப் புரட்சியிலிருந்து 1848 பிப்ரவரி வரை மன்னர் லூயி ஃபிலிப். அதன் பிறகு இரண்டாவது குடியரசு. 1851 டிசம்பர் 2 அன்று லூயி நெப்போலியன் நடத்திய ஆட்சிக் கவிழ்ப்பும், மறு ஆண்டு அவர் மூன்றாம் நெப்போலியன் என்ற பெயரில் அறிவித்த இரண்டாவது பேரரசும். 1870 செப்டம்பர் 4 முதல் மூன்றாவது குடியரசு. ஒரே மனிதர் இவ்வளவு அரசுகளுக்கும் ஒன்றன்பின் ஒன்றாக விசுவாசம் காட்ட வேண்டியிருந்தது என்பதை மறந்துவிட்டு, அக்காலத் தளபதிகளின் அரசியல் நிலைப்பாடுகளை எடைபோட முடியாது.

இரண்டாம் படி: பிறப்பும் பெயரும்

பிரெஞ்சுத் தளபதிகளின் பிறப்புப் பதிவைத் தேடும்போது இரண்டு தடைகள் எதிர்ப்படும். 1805 முடியும் வரை பிறந்தவர்களின் பதிவில் புரட்சிக் காலத்துக் குடியரசு நாட்காட்டியின் தேதி இருக்கும். அதை வழக்கமான தேதியாக மாற்றிக்கொள்ள வேண்டும். பாரிசில் பிறந்தவர்களாயின், 1871 மே மாதத் தீயில் நகரின் பழைய பதிவேடுகள் எரிந்துபோனதால், பின்னர் ஓரளவு மட்டும் மீட்டெழுதப்பட்ட பதிவுகளையே நம்ப வேண்டியிருக்கும்.

பஸேன் 1811 பிப்ரவரி 13 அன்று வெர்சாய் நகரில் பிறந்ததால் இவை இரண்டும் அவருக்குப் பொருந்தா. அவருடைய சிக்கல் வேறு. தந்தை பியர் தொமினிக் பஸேன் ஒரு பொறியாளர். ரஷ்யப் பேரரசரின் வேண்டுகோளின்படி 1810-இல் அனுப்பப்பட்ட பிரெஞ்சுப் பொறியாளர்களில் ஒருவராக அந்நாட்டுக்குச் சென்றவர். தாயை அவர் மணந்திருக்கவில்லை. அண்ணனின் பெயரும் பியர் தொமினிக்தான். அவரும் பொறியாளராகி, இரயில் பாதை அமைப்பில் பெயர் பெற்றார். ஆகவே பழைய நூற்பட்டியலில் ‘பொறியாளர் பஸேன்’ என்று கண்டால், அது தந்தையா அண்ணனா என்று ஆண்டைக் கொண்டு உறுதி செய்துகொள்ளாமல் குறிப்பெடுக்கக் கூடாது.

மூன்றாம் படி: பதவி ஏணி

நம் ஊர் அரசு ஊழியருக்குப் பணிப் பதிவேடு இருப்பதைப் போலவே, பிரெஞ்சு இராணுவ அதிகாரி ஒவ்வொருவருக்கும் ஒரு பணிக்கோப்பு உண்டு. பதவி உயர்வுகள், பங்கேற்ற போர்கள், காயங்கள், விருதுகள் ஆகியவை அதில் தனித்தனியாகப் பதியப்பட்டிருக்கும். இக்கோப்புகள் பாரிசுக்கு அருகில் வான்சேன் கோட்டையில் இயங்கும் பாதுகாப்புத் துறையின் வரலாற்றுச் சேவை மையத்தில் பேணப்படுகின்றன. மார்ஷல்களுக்கு ‘6 ஒய் டி’, டிவிஷன் ஜெனரல்களுக்கு ‘7 ஒய் டி’, பிரிகேட் ஜெனரல்களுக்கு ‘8 ஒய் டி’ என்று வரிசைகள் பிரிக்கப்பட்டுள்ளன. லெஜியன் தொனர் விருது பெற்றவர்களின் கோப்புகளை ‘லெயோனோர்’ என்ற இணையத் தரவுத்தளத்திலும், அக்கால நூல்களையும் நாளிதழ்களையும் பிரெஞ்சுத் தேசிய நூலகத்தின் ‘காலிக்கா’ தளத்திலும் வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம்.

பதவிப் பெயர்களில் ஒரு கண்ணி இருக்கிறது. 1814 முதல் 1848 வரை பிரிகேட் ஜெனரலுக்கு ‘மாரெஷால் த காம்’ என்றும், டிவிஷன் ஜெனரலுக்கு ‘லெப்டினன்ட் ஜெனரல்’ என்றும் பெயர் வழங்கியது. முந்தைய பெயரில் ‘மாரெஷால்’ என்ற சொல்லைக் கண்டதும் அவரைப் பிரான்சின் மார்ஷல் என்று எழுதிவிடும் பிழை, மொழிபெயர்ப்பு நூல்களில் அடிக்கடி தென்படுகிறது. உண்மையில் பிரான்சின் மார்ஷல் என்பது பதவியே அன்று. டிவிஷன் ஜெனரலுக்கு மேல் அரசு வழங்கும் ஒரு சிறப்புத் தகுதி.

இந்த ஏணியில் பஸேன் கீழ்ப்படியிலிருந்தே ஏறினார். 1830-இல் பாலிடெக்னிக் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் தோற்று, 1831 மார்ச்சில் 37-ஆம் காலாட்படை ரெஜிமென்டில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். அதே மாதம் தோற்றுவிக்கப்பட்ட வெளிநாட்டவர் படைக்கு 1832-இல் மாறினார். 1833-இல் துணை லெப்டினன்ட், 1839-இல் கேப்டன், 1844-இல் பட்டாலியன் தளபதி, 1848-இல் லெப்டினன்ட் கர்னல், 1850-இல் கர்னல். முதல் அதிகாரிப் பதவிக்கும் கர்னல் பதவிக்கும் இடையே பதினேழு ஆண்டுகள் கழிந்தன. அடுத்த ஐந்தே ஆண்டுகளில், 44 வயதில், டிவிஷன் ஜெனரல். ஏணியில் இப்படி வேகம் திடீரென மாறும் இடத்தைக் கண்டால் அங்கே நின்று காரணத்தைத் தேட வேண்டும். இங்கே அந்தக் காரணம் ரஷ்யாவுக்கு எதிரான கிரிமியப் போர்.

நான்காம் படி: அல்ஜீரியாவும் ஸ்பெயினும்

1835 ஜூனில் மாக்தா சதுப்பு நிலத்தில், அல்ஜீரியாவில் பிரெஞ்சு ஆக்கிரமிப்பை எதிர்த்த அமீர் அப்துல் காதரின் படையிடம் பிரெஞ்சுப் படை அடிவாங்கிய நாளில் பஸேன் காயமடைந்தார். லெஜியன் தொனர் விருதும் அவ்வாண்டிலேயே கிடைத்தது. உடனே லூயி ஃபிலிப் வெளிநாட்டவர் படையை அப்படியே ஸ்பெயின் அரசுக்குக் கைமாற்றிக் கொடுத்தார். அரியணைக்கு உரிமை கோரிய டான் கார்லோஸின் ஆதரவாளர்களான கார்லிஸ்டுகளுக்கு எதிரான உள்நாட்டுப் போரில், ஊதியமும் உணவும் ஒழுங்காக வராத நிலையில் அந்தப் படை தேய்ந்து அழிந்தது. அதன் தளபதி கொன்ராத் 1837 ஜூன் 2 அன்று பர்பாஸ்த்ரோவில் கொல்லப்பட்டார். ஓர் அரசு தன் படையை வேற்று நாட்டில் விட்டுவிட்டு மறந்துபோகும் என்ற பாடத்தைப் பஸேன் இருபத்தாறு வயதிலேயே நேரில் கண்டார். மெக்சிகோவுக்கு வரும்போது இந்தப் பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

அல்ஜீரியாவுக்குத் திரும்பிய பிறகு அவர் பார்த்த வேலையில் பெரும்பகுதி போர்க்களத்தில் நடந்ததன்று. திலெம்சென் நகரின் ‘அரபு அலுவலகம்’ அவர் பொறுப்பில் இருந்தது. குலத் தலைவர்களோடு பேச்சு நடத்துதல், வரி, உளவு, வழக்குத் தீர்ப்பு ஆகியவை அனைத்தும் அந்த அலுவலகத்தின் கடமைகள். அதாவது ஆக்கிரமிப்பின் அன்றாட நிர்வாகம். 1847 டிசம்பரில் அப்துல் காதர் சரணடைந்தபோது அல்ஜீரியாவின் ஆளுநர், மன்னரின் மகனான ஓமால் கோமகன். இந்தப் பெயரை மூன்றாவது பத்தியில் தடித்த எழுத்தில் எழுதிவையுங்கள். இருபத்தாறு ஆண்டுகள் கழித்து இதே மனிதர் நீதிபதியாகப் பஸேனின் முன் அமர்வார்.

ஐந்தாம் படி: கிரிமியாவும் இத்தாலியும்

இந்தப் பகுதியை விரைவாகக் கடந்துவிடலாம். 1854 அக்டோபரில் பிரிகேட் ஜெனரல். 1855 செப்டம்பரில் செவஸ்தபோல் வீழ்ந்ததும் அந்நகரின் ஆளுநர். அதே மாதம் டிவிஷன் ஜெனரல். அக்டோபரில் கின்பர்ன் கோட்டையைப் பிடித்த பயணத்தில் தரைப்படைத் தலைவர். 1859-இல் ஆஸ்திரியாவுக்கு எதிரான போரில் ஜூன் 8 அன்று மெலெஞ்ஞானோவிலும், ஜூன் 24 அன்று சொல்ஃபெரினோவிலும் தன் டிவிஷனை நடத்தினார். இவை அனைத்திலும் அவருக்கு மேலே வேறொருவர் திட்டம் வகுத்தார், பஸேன் அதை நிறைவேற்றினார். துணிச்சலான, நிதானமான டிவிஷன் தளபதி என்ற மதிப்பு நியாயமானது. ஒன்றரை லட்சம் பேரைத் தானே நகர்த்தும் பயிற்சி அவருக்கு எங்கேயும் கிடைக்கவில்லை என்பதும் உண்மை.

ஆறாம் படி: மெக்சிகோ, அல்லது இரண்டு எசமானர்கள்

1862-இல் மெக்சிகோவுக்கு அனுப்பப்பட்ட பஸேன், 1863 மே 8 அன்று சான் லொரென்சோவில் மெக்சிகத் தளபதி கொமொன்ஃபோர்தின் நிவாரணப் படையை முறியடித்தார். அதன் விளைவாக பியூப்லா நகரம் மே 17 அன்று பணிந்தது. அக்டோபரில் அங்கிருந்த பிரெஞ்சுப் படையின் தலைவர் ஃபொரேயிடமிருந்து தலைமைப் பொறுப்பைப் பெற்றார். 1864 செப்டம்பர் 5 அன்று மார்ஷல் ஆனார். 1865 பிப்ரவரியில் ஒஹாக்காவை முற்றுகையிட்டு, அங்கிருந்த மெக்சிகக் குடியரசுத் தளபதி போர்ஃபிரியோ தியாசைச் சிறைப்பிடித்தார். அவ்வாண்டு ஜூனில் பதினேழு வயது மெக்சிகப் பெண்ணான ஹோசெஃபா தெ லா பெஞ்ஞாவை மணந்தபோது, பிரான்சின் ஆதரவோடு மெக்சிகோவின் அரியணையில் அமர்ந்த பேரரசர் மாக்சிமிலியன் ஒரு மாளிகையைத் திருமணப் பரிசாக அளித்தார். பஸேனின் எதிரிகள் பின்னாளில் ஓயாமல் சுட்டிய பரிசு அது. ஹோசெஃபாவின் குடும்பம் மெக்சிகோவில் செல்வாக்குள்ளது. ஆகவே மார்ஷல் தன் சொந்த இலாபத்துக்காகப் போரை நீட்டினார் என்று பேசப்பட்டது.

மூன்றாவது பத்தி இங்கே குழம்பத் தொடங்கும். மெக்சிகோவின் பேரரசர் மாக்சிமிலியன். பஸேனுக்கு ஆணையிடுபவரோ பாரிசிலிருக்கும் மூன்றாம் நெப்போலியன். 1864 ஏப்ரலில் கையெழுத்தான மிராமார் உடன்படிக்கையின்படி 38,000 பிரெஞ்சு வீரர்கள் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1867-இல் 20,000 ஆக வேண்டும். அதற்குள் மாக்சிமிலியன் சொந்தப் படையை உருவாக்கிக்கொள்ள வேண்டும்; அந்தப் படை உருவாகவே இல்லை. 1865-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும் வாஷிங்டனின் நெருக்கடி கூடியது, ஐரோப்பாவில் பிரஷ்யா வளர்ந்தது, 1866 தொடக்கத்தில் நெப்போலியன் படைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். இரண்டு எசமானர்களின் கடிதங்களையும் தேதிவாரியாக அருகருகே வைத்துப் படித்தால், மாக்சிமிலியனைக் கைவிட்ட முடிவு பாரிசில் எடுக்கப்பட்டது என்பதும், அதை நிறைவேற்றிய கை பஸேனுடையது என்பதும் தெளிவாகும். 1867 மார்ச்சில் பஸேன் வெராக்ரூஸ் துறைமுகத்திலிருந்து கப்பலேறினார். ஜூன் 19 அன்று கெரெத்தாரோவில் மாக்சிமிலியன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவருடைய படை மெக்சிகோவில் கிராமங்களை எரித்ததையும், பிடிபட்டவர்களைக் கொன்றதையும் இந்த அரண்மனைப் பேச்சுகளுக்கிடையே விட்டுவிடக் கூடாது. மாக்சிமிலியன் 1865 அக்டோபர் 3 அன்று வெளியிட்ட ‘கருப்பு ஆணை’, ஆயுதத்தோடு பிடிபட்டவர்களுக்கு மரணம் என்று விதித்தது. 1873-இல் வெர்சாயில் நடந்த வழக்கில் இவற்றைப் பற்றி யாரும் அவரை விசாரிக்கவில்லை.

ஏழாம் படி: மெட்ஸ், நாள் நாளாக

இந்தப் படிக்கு ஒரு வரைபடம் தேவை. மொசெல் ஆறு, அதன் கரையில் மெட்ஸ், மேற்கே வெர்தன் செல்லும் சாலை, அதன் மேல் கிராவெலோத், ரெசோன்வில், மார்ஸ் லா தூர் ஆகிய ஊர்கள். சாலையிலிருந்து வடக்கே சான் பிரிவா. இவற்றைக் குறித்துக்கொண்டால் போதும்.

1870 ஆகஸ்ட் 12 அன்று, பிரஷ்யாவை எதிர்த்துத் திரட்டப்பட்ட ரைன் படையின் தலைமை பஸேனிடம் வந்தது. அதுவரை பேரரசரே தலைவராக இருந்து தோல்விகளைச் சேர்த்திருந்தார். தலைமையை ஒப்படைத்த பிறகும் உடனே அவ்விடத்தை விட்டு நகரவில்லை. படை மேற்கே வெர்தனுக்குப் பின்வாங்க வேண்டும் என்பது திட்டம். 14-ஆம் தேதி ஆற்றின் கிழக்கே போர்னியில் நடந்த மோதலில் ஒரு நாள் வீணாயிற்று. 15 அன்று சாலைகளில் வண்டிகள் முட்டிமோதி நின்றன. 16 காலையில் பேரரசர் வெர்தன் நோக்கிப் புறப்பட்டுப் போனார். அன்றைக்கே ஆல்வென்ஸ்லேபனின் பிரஷ்யக் கோர் (பல டிவிஷன்கள் சேர்ந்த படைப்பிரிவு) ஒன்று, தன்னைவிடப் பல மடங்கு பெரிய பிரெஞ்சுப் படை என்பதை முழுதும் உணராமலேயே ரெசோன்வில் அருகே தாக்கியது. மாலை வரை பிரெஞ்சு வீரர்கள் பின்னடையவில்லை. பஸேன் அன்று வலப்புறம் முன்னேறி எதிரியை உடைக்க முயலாமல், மெட்ஸிலிருந்து துண்டிக்கப்பட்டுவிடக் கூடாது என்று இடப்புறத்தையே கவனித்துக்கொண்டிருந்தார். இரவில், வெடிமருந்தும் உணவும் நிரப்ப வேண்டும் என்று காரணம் கூறி, படையைக் கோட்டைப் பக்கமாகத் திரும்பச் சொன்னார். என் கணிப்பில் வழக்கு முழுவதும் தோற்றது அந்த இரவில்தான். அக்டோபர் 27 அதன் வட்டி.

18 அன்று கிராவெலோத் முதல் சான் பிரிவா வரை நீண்ட போர். பிரெஞ்சுப் படையின் ‘ஷாஸ்போ’ துப்பாக்கி பிரஷ்யர்களுடையதைவிட மிக அதிகத் தொலைவு சுடக்கூடியது; பிரஷ்யர்களின் க்ரூப் எஃகுப் பீரங்கிகளோ பிரெஞ்சு வெண்கலப் பீரங்கிகளைவிட மேலானவை. ஜெர்மானியர் ஏறத்தாழ 20,000 பேரை இழந்தார்கள், பிரெஞ்சுத் தரப்பின் இழப்பு அதைவிடக் குறைவு. ஆனாலும் சான் பிரிவாவில் மார்ஷல் கான்ரொபேரின் கோர் தனித்து நின்று சரிந்தபோது, பஸேன் பின்னால் பிளாப்வில் தலைமையகத்தில் இருந்தார். அரசக் காவற்படை என்ற ரிசர்வ் உரிய வேளையில் முன்னே செல்லவில்லை. மறுநாளிலிருந்து மெட்ஸ் முற்றுகைக்குள் வந்தது.

ஆகஸ்ட் 31-இல் நுவாஸ்வில் வழியே வெளியேற முயன்ற முயற்சி மறுநாளே கைவிடப்பட்டது. அந்நாட்களில்தான் அவரை மீட்க வந்த மார்ஷல் மக்மாவோனின் படை செதானில் மடக்கப்பட்டது, பேரரசர் கைதியானார், பாரிசில் செப்டம்பர் 4 அன்று குடியரசு பிறந்தது. நோட்டுப் புத்தகத்தின் மூன்றாவது பத்தி இப்போது வெறுமையாகிறது. பஸேன் செதான் செய்தி கேட்ட பிறகு ஒரு தளபதியைப் போல் நடந்துகொள்வதை விட்டு, ஓர் அரசியல் தரகரைப் போல் நடக்கலானார். ரேஞ்ஞியே என்ற மர்ம மனிதர் ஜெர்மானியர் அணிவகுப்பைத் தாண்டி வந்து பேசியபோது செவிசாய்த்தார். ஜெனரல் பூர்பாக்கியை இங்கிலாந்திலிருந்த பேரரசியிடம் அனுப்பினார். ஜெனரல் பொயேயை வெர்சாயில் பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க்கிடம் அனுப்பினார். முழுமையான படையோடு இருக்கும் தான்தான் பிரான்சின் ஒழுங்கைக் காக்கும் கடைசி ஆதாரம் என்று அவர் நம்பியதாகத் தெரிகிறது. அந்த வாரங்களில் குதிரைகள் உணவாகித் தீர்ந்துகொண்டிருந்தன. குதிரைகள் போனால் பீரங்கிகள் நகரா, பீரங்கிகள் நகராவிட்டால் வெளியேறும் வழியும் இல்லை.

அக்டோபர் 27 சரணாகதியில் ஏறத்தாழ 1,70,000 பேர், அவர்களில் மூன்று மார்ஷல்கள், சிறைப்பட்டார்கள். ரெஜிமென்டுகளின் கொடிகளை எரிக்காமல் ஆயுதக் கிடங்கில் சேர்க்கச் சொன்ன ஆணையால் பல கொடிகள் எதிரி கைக்குப் போயின. வீரர்கள் இதைத்தான் கடைசி வரை மன்னிக்கவில்லை. போர்த் தந்திர அளவில் பெரிய கேடு வேறு: மெட்ஸைச் சுற்றி நின்ற இளவரசர் ஃபிரெடெரிக் கார்லின் படை விடுபட்டு, லுவார் ஆற்றங்கரையில் குடியரசு திரட்டிய புதிய படையை நோக்கி நகர்ந்தது. மூன்று நாட்களில் குடியரசு அரசின் அமைச்சர் கம்பெத்தாவின் அறிவிப்பு வெளிவந்தது: மார்ஷல் பஸேன் துரோகம் செய்துவிட்டார் என்று.

எட்டாம் படி: தீர்ப்பின் சொற்களைத் தனியே படித்தல்

வழக்கை நாளிதழ்ச் செய்திகளின் வழியாகப் படிக்காதீர்கள். சட்டப் பிரிவுகளிலிருந்து தொடங்குங்கள். 1857-ஆம் ஆண்டு இராணுவ நீதிச் சட்டத்தில் துரோகத்துக்கும் ஒற்றுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. பஸேன் தண்டிக்கப்பட்டது அதன்படியன்று. இராணுவக் கடமையை மீறியோரைப் பற்றிய அடுத்த அத்தியாயத்தின் 209, 210 ஆகிய பிரிவுகளின்படி: பாதுகாக்கும் வழிகள் அனைத்தும் தீருமுன்னே கோட்டையை ஒப்படைத்தது, கடமையும் மானமும் விதிப்பன அனைத்தையும் செய்யாமல் திறந்தவெளியில் படையோடு சரணடைந்தது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காத நூல்கள் இன்றும் அச்சாகின்றன.

சரணாகதிகளை ஆராய்ந்த விசாரணைக் குழு அவரைக் கண்டித்ததும், இராணுவ நீதிமன்றம் வேண்டும் என்று கேட்டவர் பஸேனே. வெர்சாயில் கிராந் திரியனோன் மாளிகையில் 1873 அக்டோபர் 6 முதல் டிசம்பர் 10 வரை வழக்கு நடந்தது. தலைவர் ஓமால் கோமகன். முன்விசாரணை அறிக்கையை எழுதியவர் ஜெனரல் செரே த ரிவியேர். குற்றம் சாட்டியவர் ஜெனரல் பூர்சே. வாதாடியவர் வழக்கறிஞர் லஷோ. அரசு என்று எதுவும் எஞ்சியிருக்கவில்லை என்று பஸேன் சொன்னபோது, பிரான்ஸ் இருந்ததே என்று ஓமால் மறுமொழி கூறினார். புரட்சியில் தன் குடும்பத்தின் அரியணை பறிபோய், இருபது ஆண்டுகளுக்கு மேல் நாடுகடத்தப்பட்டிருந்தவர் சொன்ன மறுமொழி அது என்பதை எண்ணிப் பார்த்தால், அதன் எடை இன்னும் கூடும்.

தீர்ப்பு மரண தண்டனையும், பதவிச் சின்னங்கள் அனைத்தையும் பறிக்கும் அவமதிப்பும். தீர்ப்பளித்தவர்களே கருணை காட்டும்படி எழுதிக் கொடுத்தார்கள். அதை இருபது ஆண்டுக் காவலாகக் குறைத்தவர், அப்போது குடியரசுத் தலைவராயிருந்த மக்மாவோன். அதாவது மெட்ஸை மீட்கப் புறப்பட்டுச் செதானில் தன் படையை இழந்த அதே மக்மாவோன். காயம்பட்டு அன்று காலையிலேயே தலைமையிலிருந்து விலக நேர்ந்ததால், சரணாகதியில் கையெழுத்திடும் துன்பம் அவரை விட்டு வேறொருவர் தலையில் விழுந்தது.

ஒன்பதாம் படி: அவரே எழுதியவற்றை எந்த வரிசையில் படிப்பது

பஸேன் இரண்டு நூல்களை எழுதினார். ஒன்று வழக்குக்கு முன், 1872-இல் வெளிவந்த ‘ரைன் படை’. மற்றொன்று 1883-இல் மாட்ரிட்டில் வெளிவந்த 1870 போர் நினைவுகள். முதலாவதைப் படிக்கும்போது அது ஒரு தற்காப்பு மனு என்பதையும், இரண்டாவதைப் படிக்கும்போது தண்டனைக்குப் பின் நாடிழந்து வாழ்ந்த ஒருவர் எழுதியது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். ஆகஸ்ட் 16 இரவைப் பற்றிய பக்கங்களை இரண்டிலும் எடுத்து, அந்நாளில் எழுதப்பட்ட ஆணைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவருடைய நினைவு எங்கே தடுமாறுகிறது, எங்கே தடுமாறுவதாகக் காட்டிக்கொள்கிறது என்பது பிடிபடும்.

இரண்டு நூல்களுக்கும் இடையில் ஒரு தப்பித்தல் இருக்கிறது. கான் நகருக்கு எதிரே சென் மார்கெரித் தீவுச் சிறையிலிருந்து 1874 ஆகஸ்ட் 9 இரவு, 63 வயதில், பருத்த உடலோடு பஸேன் வெளியேறினார். பாறைச் சுவரிலிருந்து கயிறு வழியே இறங்கினார் என்பது கதை. காவலாளிகள் கண்களை மூடிக்கொண்டார்கள் என்று அன்றைக்கே பேச்சு எழுந்தது. கடலில் படகோடு காத்திருந்தவர்களில் அவருடைய மனைவி ஹோசெஃபாவும் ஒருவர். உடனிருந்த முன்னாள் உதவி அதிகாரி கர்னல் வில்லெத் பின்னர் இதற்காக விசாரிக்கப்பட்டார்.

இறுதிக் காலம் ஸ்பெயினில், இளமையில் காயங்களோடு சுற்றிய அதே நாட்டில், வறுமையில் கழிந்தது. 1887-இல் பிரான்சிலிருந்து வந்த ஒருவர் அவருடைய வீட்டிலேயே அவரைக் கத்தியால் குத்தினார். காயத்தோடு பிழைத்த அவர், மறு ஆண்டு செப்டம்பர் 23 அன்று மாட்ரிட்டில் இறந்தார். நோட்டுப் புத்தகத்தில் அந்தத் தேதியை எழுதும்போது முதல் பத்தியில் பதவி எதுவும் இராது. இரண்டாவது பத்தியில், அவர் ஒருநாளும் ஆணை பெற்றுப் பணிபுரியாத மூன்றாவது குடியரசு நிற்கும்.